பாமினியில் பாதி, போனில் மீதி: பதிப்பகம் திருப்பி அனுப்பிய நாவலை என்ன செய்வது?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் சிறுகதையும் எழுதுபவர், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பும் செய்கிறார். வீட்டுச் செலவில் ஒரு பங்கு இதிலிருந்துதான் போகிறது. கடிதம் நீளம் என்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"என் முதல் நாவலின் முன்பாதியைப் பல வருடங்களுக்கு முன்னால் பாமினி எழுத்துருவில் டைப் செய்தேன். சில அத்தியாயங்களை டிடிபி சென்டரில் கொடுத்து அடித்தேன். பின்பாதியைப் போனில் எழுதி கூகுள் டாக்ஸில் சேர்த்து வைத்திருக்கிறேன். சென்னைப் பதிப்பகம் ஒன்று வெளியிடச் சம்மதித்தது. இப்போது, 'முன்பாதியைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது. மறுபடி டைப் அடிக்க வேண்டும், பக்கத்துக்கு இவ்வளவு என்று நீங்கள்தான் தர வேண்டும்' என்கிறார்கள். பின்பாதியை அவர்களுடைய எடிட்டர் திருத்தி மின்னஞ்சலில் அனுப்பினார். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. பதற்றத்தில் எல்லாத் திருத்தங்களையும் ஏற்கும் 'அக்செப்ட் ஆல்' பொத்தானை அழுத்தி சேமித்துவிட்டேன். எது என் வரி, எது அவர் வரி என்றே இப்போது தெரியவில்லை. 'ஏட்டி, வாரியா?' என்று நான் எழுதியது 'ஏய், வருகிறாயா?' என்று ஆகியிருக்கிறது. இதற்கு நடுவே 'நூலின் முழு உரிமையும் பதிப்பகத்துக்கே' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'சம்மதம்' என்று பதில் போடச் சொல்கிறார்கள். நான் நாவலைப் பதிவும் செய்யவில்லை. வேர்ட் ஃபைலைக் கொடுத்தால் யாராவது திருடிவிட மாட்டார்களா? பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் போதாதா? பேசாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து டைப் செய்துவிடட்டுமா?"

மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் பணம் தருகிறவர்கள் தமிழ்ச் சொற்களை எண்ணுவதால் தனக்குக் குறைவாக வருகிறது என்றும் கடிதத்தின் கடைசியில் வருத்தப்பட்டிருக்கிறார்.

சகோதரி, ஒரு வரியைக்கூட மறுபடி டைப் செய்யாதீர்கள், அதற்குப் பணமும் கொடுக்காதீர்கள். முன்பாதி அப்படியே பத்திரமாக இருக்கிறது. பாமினி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் பாதி போய்விடும்.

பாமினியில் நீங்கள் 'அ' அடிக்கும்போது கணினி சேமிப்பது தமிழ் 'அ' இல்லை, ஆங்கிலத்தின் சிறிய 'எம்'. அதைத் திரையில் 'அ' மாதிரி வரைந்து காட்டுவது மட்டும்தான் எழுத்துருவின் வேலை. பெரிய 'எம்' என்றால் 'ஆ'. பதிப்பகத்தின் கணினியில் பாமினி இல்லாததால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து அப்படியே தெரிகிறது. யூனிகோட் வேறு வகை. அதில் தமிழ் எழுத்துகளுக்கும் கொம்பு, கால் போன்ற குறிகளுக்கும் சொந்தமாக எண்கள் உண்டு, எந்த யூனிகோட் தமிழ் எழுத்துருவில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே வரும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அப்படியும் அச்சுத் தொழிலில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. நம் ஊரில் பல டிடிபி கடைகள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை நெடுங்காலம் விடவில்லை. அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல், அதற்கு யூனிகோட் தெரியாது. ஆக, உங்களிடம் 'திறக்கவில்லை' என்று சொல்கிற அதே தொழில்தான் நேற்றுவரை இந்த எழுத்துருவில் பிழைத்தது.

முன்பாதியை மீட்கும் வழி

முதலில் அந்த ஃபைல்களை அப்படியே ஒரு பிரதி எடுத்து, 'மூலம்' என்று பெயரிட்ட தனி ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். அதைத் தொடவே கூடாது. வேலை எல்லாம் பிரதியில்தான்.

பிரதியைத் திறந்து ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் வேர்ட் அதன் பெயரைக் காட்டும். டிடிபி சென்டரில் அடித்த அத்தியாயங்கள் பாமினியாக இல்லாமல் வானவில்லாகவோ, டாப், டாம், டிஸ்கி வகையாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றின் எழுத்து அடுக்கும் வேறு. பெயர் தெரிந்தால்தான் அதை யூனிகோடாக்கும் சரியான மாற்றி மென்பொருளைத் தேர்ந்தெடுக்க முடியும். 'எழுத்துருவை லதா என்ற யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் தமிழாகிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். தமிழாகாது, எந்த எழுத்துரு என்ற அடையாளமும் அழிந்துபோகும்.

பிறகு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஓர் இலவச மாற்றியில் அத்தியாயம் அத்தியாயமாக மாற்றுங்கள். இணையத்தில் ஒட்டியதும் மாற்றித் தரும் பக்கங்களும் நிறைய இருக்கின்றன. ஆனால் திருட்டு பற்றிக் கவலைப்படுகிற நீங்கள், வெளிவராத நாவலைத் தெரியாத தளத்தில் கொண்டுபோய் ஒட்ட வேண்டாமே. கணினியில் நிறுவிக்கொள்ளும் மாற்றியே நல்லது. நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழ் என்று நினைத்து உளறலாக மாற்றிவிடும். வடிவமைப்பு இல்லாத வெறும் எழுத்தாக ஒட்டி மாற்றும்போது தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் போய்விடும். இவை எங்கெங்கே வருகின்றன என்று முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்றி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து அனுப்பிவிடுவதுதான் வழக்கம். அங்கேதான் ஆபத்து. மாற்றிய உரையில் பிழைகள் வழக்கமாக ஒளிந்திருக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

'அவர்' என்று தெரிவது உண்மையில் 'அவா்' ஆக இருக்கலாம். உற்றுப் பாருங்கள். இரண்டாவதில் இருப்பது 'ர்' இல்லை, காலுக்கு மேல் புள்ளி. பாமினியில் 'ர்', 'ரி' அடிக்கவும் கால் போடவும் ஒரே விசைதான். சுமாரான மாற்றி இரண்டையும் பிரித்தறியாது. கண்ணுக்குத் தப்பிவிடும், ஆனால் 'அவர்' என்று தேடினால் அந்தச் சொல் அகப்படாது, மின்னூலிலும் உடைந்து தெரியும். கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் (கண்ட்ரோலும் எச்சும்) 'ா்' என்பதை 'ர்' ஆக மாற்றுங்கள். காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது என்பதால் இதைத் துணிந்து மொத்தமாகச் செய்யலாம். 'ா'வும் 'ி'யும் ஒட்டி வந்திருந்தால் அதுவும் 'ரி'தான்.

அடுத்தது ஔகாரம். 'ஔவையார்' பல பிரதிகளில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடிக்கப்பட்டு 'ஒளவையார்' என்று கிடக்கும். 'மௌனம்' 'மெளனம்' ஆகியிருக்கும். இதை மட்டும் மொத்தமாக மாற்றாதீர்கள். 'ஒளி'யும் 'ஒளவை'யும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன, மொத்தமாக மாற்றினால் நாவலில் இருக்கிற வெளிச்சமெல்லாம் போய்விடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.

பழைய எழுத்துருக்களில் கொம்பை முன்னால் அடிப்போம், யூனிகோட் அதை எழுத்துக்குப் பின்னால் சேமிக்கிறது. மாற்றும்போது ஒரு கொம்பு அநாதையாக நின்றுவிட்டால் அதன் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டம் இருக்கிற இடமெல்லாம் பிழை. கடைசியாக, வாக்கியத்தின் முதல் எழுத்தைக் கவனியுங்கள். வேர்டின் ஆட்டோகரெக்ட் வாக்கியத் தொடக்கத்தில் சிறிய ஆங்கில எழுத்தைப் பெரியதாக மாற்றும். பாமினியில் அடித்த 'அவள்' அதனால் 'ஆவள்' ஆகியிருக்கும். பல வருடங்களுக்கு முன் உங்கள் கண்ணில் படாமல் போன ஆவள்கள் நாலைந்தாவது அகப்படும்.

இதெல்லாம் முடிந்தபின் காதால் ஒருமுறை கேளுங்கள். எட்ஜ் உலாவியில் தமிழை உரக்கப் படிக்கும் வசதி இருக்கிறது. இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு குரல்கள். வட்டார வழக்கைக் கொஞ்சம் கொலை செய்வார்கள், ஆனாலும் விட்டுப்போன சொல்லையும் இரட்டித்த சொல்லையும் கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடித்துவிடும். சந்திப் பிழைக்கும் எழுத்துப் பிழைக்கும் நீச்சல்காரன் உருவாக்கிய நாவி, வாணி என்ற கருவிகள் இரண்டும் உதவும். உரையாடல் பகுதிகளில் அவை சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி பாமினியே வேண்டாம். விரல் பழகிவிட்டதே என்றால், அதே விசை அமைப்பில் யூனிகோட் அடிக்க என்.எச்.எம். ரைட்டரில் வழி இருக்கிறது. புதிதாகப் பழகத் தயாரென்றால் தமிழ்99. 1999-ல் அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. அதில் 'க' விசையை இரண்டு முறை தட்டினால் தானாகவே 'க்க' ஆகும். ஒற்று மிகுகிற மொழிக்கு இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று ஒரு வாரம் அடித்துப் பார்த்தால் தெரியும்.

சிவப்புக் கோடும் உங்கள் நெல்லைத் தமிழும்

'அக்செப்ட் ஆல்' அழுத்தியது உங்கள் பிரதியில் மட்டும்தான். எடிட்டர் அனுப்பிய மின்னஞ்சல் இன்னும் உங்கள் பெட்டியில் இருக்கும். இணைப்பை மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள், சிவப்புக் கோடுகள் அத்தனையும் அதில் அப்படியே இருக்கும். அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் செய்யுங்கள். கூகுள் டாக்ஸிலிருந்து உங்கள் மூலத்தை வேர்ட் ஃபைலாக இறக்குங்கள். வேர்டில் ரிவ்யூ பட்டையில் கம்பேர் என்று ஒன்று இருக்கிறது. அதில் உங்களுடையதை மூலமாகவும் எடிட்டருடையதைத் திருத்திய பிரதியாகவும் கொடுத்தால், இரண்டுக்கும் உள்ள ஒவ்வொரு வித்தியாசத்தையும் புதிய ஃபைல் ஒன்றில் கோடிட்டுக் காட்டும். திருத்தங்களைக் கோடிட்டுக் காட்டும் டிராக் சேஞ்சஸ் வசதியை அணைத்துவிட்டுச் செய்த திருத்தங்களும் இதில் வெளியே வந்துவிடும். எடிட்டர்கள் அவசரத்தில் அப்படிச் செய்வதுண்டு. பெரும்பாலும் சதி இல்லை, சோம்பல்தான்.

உங்கள் கடிதத்தில் எடிட்டர் மேல் கொஞ்சம் கோபம் தெரிகிறது. சிவப்புக் கோடு அவமானம் இல்லை. எடிட்டர் 'இப்படி வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கிறார், அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் ஏற்கவோ தள்ளவோ உங்களால் முடியும். ஆனால் 'ஏட்டி, வாரியா?'வை 'ஏய், வருகிறாயா?' என்று மாற்றியது தவறான திருத்தம், அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஒன்று மட்டும் கேட்கிறேன். வட்டார வழக்கை எங்கே தொடக்கூடாது என்று அவருக்கு நீங்கள் சொன்னீர்களா? எழுத்தில் கொடுக்காததை எடிட்டர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பிரதியிலேயே ஓரிடத்தில் 'வாரேன்', ஓரிடத்தில் 'வரேன்' என்று இருந்தால் அவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

ஒரு பக்கத்துக்கு நடைத்தாள் எழுதுங்கள். எந்தெந்தப் பாத்திரங்கள் நெல்லை வழக்கில் பேசுவார்கள், யார் பொதுவழக்கில் பேசுவார்கள். கதைசொல்லியின் குரல் எதில் இருக்கிறது. உரையாடலில் ஒற்று போடுவதா வேண்டாமா. கோயிலா கோவிலா. எண்ணை எழுத்தில் எழுதுவதா, இலக்கத்திலா. ஒற்றை மேற்கோளா இரட்டையா. 'வாரேன், போறேன், ஏட்டி, பைய: மாற்ற வேண்டாம்' என்று ஒரு பட்டியல். இதை நாவலோடு சேர்த்து அனுப்பினால் பின்பாதிச் சிவப்பில் பெரும்பகுதி வந்திருக்காது. இப்போது அனுப்பினாலும் தாமதமில்லை.

பக்கத்தை நீங்கள் அலங்கரிக்க வேண்டாம்

அத்தியாயத் தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரைத் தட்டியும், புதுப் பக்கத்துக்குப் போக என்டரை வரிசையாக அழுத்தியும் வைத்திருப்பீர்கள். டைப்ரைட்டர் காலத்துப் பழக்கம், பலரிடமும் இருக்கிறது. நூலின் அளவு டெம்மியா கிரவுனா என்று முடிவாகும்போது இந்த அலங்காரம் எல்லாம் கலைந்து, வடிவமைப்பாளர் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டிவரும். தலைப்புக்கு ஹெடிங் 1 என்ற ஸ்டைலைக் கொடுங்கள், புதுப் பக்கத்துக்குக் கண்ட்ரோலும் என்டரும். போதும். ஹெடிங் கொடுத்துவிட்டால் இடப்பக்க நேவிகேஷன் பட்டியில் அத்தியாயங்கள் வரிசையாகத் தெரியும், பிடித்து இழுத்து இடம் மாற்றிக்கொள்ளலாம். நாவலாசிரியருக்கு வேர்டில் இதைவிட உபயோகமான வசதி இல்லை என்பேன்.

டிடிபி சென்டரில் அடித்த அத்தியாயங்களில் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் இருக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் தெரியும். இருந்தால், மாற்றும் பெட்டியில் ஸ்பெஷல் பட்டியலிலிருந்து பாராகிராஃப் மார்க்கை இரண்டு முறை தேர்ந்தெடுத்து, அதை '@@' ஆக மாற்றுங்கள். பிறகு ஒற்றைப் பாராகிராஃப் மார்க்கை ஓர் இடைவெளியாக மாற்றுங்கள். கடைசியில் '@@'ஐ மறுபடி பாராகிராஃப் மார்க்காக்குங்கள். பத்திகளுக்கு நடுவே வெற்று வரி இருக்கும் அத்தியாயங்களில் மட்டும் இதைச் செய்யுங்கள். உரையாடல் வரிகள் ஒற்றை என்டரில் பிரிந்திருந்தால் எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும்.

ஃபைல் பெயர்களில் 'கடைசி', 'புதிது', 'உண்மையான கடைசி' வேண்டாம். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் போடுங்கள், அதுவே வரிசைப்படுத்திக்கொள்ளும். அப்புறம், அனுப்புமுன் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் ஆசிரியர் பெயரைப் பாருங்கள். டிடிபி சென்டர்காரர் உங்கள் நாவலின் ஆசிரியராக உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு.

திருட்டு, பதிவு, 'சம்மதம்'

பிடிஎஃப் பூட்டு இல்லை. அதிலிருந்து யாரும் பிரதி எடுக்கலாம், டைப் செய்தும் கொள்ளலாம். எடிட்டருக்கோ அது வேலைக்கே ஆகாது. வேர்ட் ஃபைலையும் பிடிஎஃபையும் சேர்த்தே அனுப்புங்கள். ஒன்று வேலை செய்ய, மற்றது எழுத்து உடைந்தால் சரியான வடிவத்தை ஒப்பிட. உங்கள் பாதுகாப்பு ஃபைல் வகையில் இல்லை, 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, வழக்கு என்று வந்தால் சான்றாக உதவும், அவ்வளவே. தேதியோடு கிடக்கும் கூகுள் டாக்ஸ் வரலாறும் மின்னஞ்சல்களும் உங்களுக்குச் சாதகமான சான்றுகளே.

உண்மையான ஆபத்து அந்த ஒற்றைச் சொல் 'சம்மதம்'. அதை அனுப்பாதீர்கள். சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், உரிமையாளரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எந்த நூல், எந்தெந்த உரிமைகள், எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, ராயல்டி எவ்வளவு என்பதும் அதில் வர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். உங்கள் காலத்துக்குப் பின்னும் 60 வருடம் உயிரோடிருக்கிற சொத்து இது. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள், 'முழு உரிமை' என்ற ஒரு வார்த்தையில் அத்தனையையும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. நான் பதிப்பாசிரியன், வழக்கறிஞன் இல்லை. கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். பதிப்பகத்தார் கெட்டவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. பல இடங்களில் அந்த வரியைப் பழைய கடிதத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். கேட்டால் திருத்தித் தருவார்கள்.

ஒப்பந்தத்தில் ஒன்றை மறக்காமல் கேளுங்கள், அச்சுக்குப் போன கடைசி வடிவத்தின் உரைப் பிரதி. புரூஃபில் கடைசி நேரத்தில் செய்யும் திருத்தங்கள் டிடிபி ஃபைலில்தான் ஏறும், உங்கள் வேர்ட் ஃபைலுக்கு வராது. இரண்டாம் பதிப்புக்கோ மின்னூலுக்கோ பழைய ஃபைலைக் கொடுத்து, திருத்திய பிழைகள் அத்தனையும் உயிர்த்தெழுந்த நூல்கள் தமிழில் உண்டு.

மொழிபெயர்ப்புக் கணக்குக்குச் சுருக்கமான பதில்: மூலத்தின் சொல் எண்ணிக்கைக்குப் பணம் என்று வேலை தொடங்குமுன் பேசிவிடுங்கள். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பதை வேர்ட் ஒரே சொல்லாகத்தான் எண்ணும். மூலம் முன்கூட்டியே கையில் இருப்பதால் தொகையும் முதல் நாளே தெரிந்துவிடும், இரு தரப்புக்கும் வசதி.

பதிப்பகத்துக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் போதும்: "வணக்கம். முன்பாதியை நானே யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து அனுப்புகிறேன். மறுதட்டச்சு தேவையில்லை. பின்பாதித் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, உடன்படாத இடங்களில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவேன். வட்டார வழக்கு பற்றிய நடைத்தாளை இணைத்திருக்கிறேன். உரிமை தொடர்பாக, தமிழ் அச்சுப் பதிப்புக்கு மட்டும், காலமும் ராயல்டியும் குறிப்பிட்ட ஒப்பந்த வரைவு ஒன்றை அனுப்பினால் படித்துப் பார்த்துப் பதில் தருகிறேன்."